வால்

பூந்தா அரேனாசில் காற்றுக்கு வெட்கம் கிடையாது.
கேட்காமல் உள்ளே வரும்.
துத்தநாகக் கூரையைத் தூக்கிப் பார்க்கும்.
தெருமுனைக் கயிற்றைப் பிடித்தபடி போகிறவர்களின்
கோட்டுக்குள்ளும் கைவிட்டுப் பார்க்கும்.
அதோடு எனக்குச் சண்டையில்லை.
பார்த்ததைக் காற்று சேர்த்துவைப்பதில்லை.

கேமரா வாங்கியது நாய்க்காக.
இரவு முழுக்க நான் ஆலையில்
சால்மனுக்கு முள் பிடுங்குவேன்.
கொள்ளிக்கட்டை நிறத்தில் இருப்பதால்
தீசோன் என்று பெயர் வாங்கியவன்
வீட்டில் தனியாகக் கிடப்பான்.
பதினெட்டாயிரம் பேசோ. முட்டையளவு வெள்ளை பிளாஸ்டிக்.
ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பும்.
இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு
போனில் பார்ப்பேன்.
சமையலறைத் தரையில் காலை நீட்டி
அண்ணாந்து ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருப்பான்.
என்னைத்தான் தேடுகிறான் என்று
செதில் ஒட்டிய விரலால் திரையைத் தடவிக்கொடுப்பேன்.

ஆகஸ்டில் ஒரு காலை. இன்னும் விடியவில்லை.
தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

"இர்மா."

"இர்மா, அடுப்பு."

ஆண்குரல். இளசு.
ஸ்பானிஷை எங்கோ இரவல் வாங்கிப் பேசுகிற நாக்கு.
கண்ணைத் திறந்தால்
தண்ணீர் வற்றிக் கெட்டில் கறுத்து
கைப்பிடி உருகி வழிந்து
பக்கத்தில் தொங்கிய துண்டின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது.
அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.
காற்று வந்து புகையை வாரிக்கொண்டு போனது.

"நன்றி" என்றேன்.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.
அதைத்தான் இன்றுவரை
என்னால் எனக்கு மன்னிக்க முடியவில்லை.

பிறகு அந்தக் குட்டி மோட்டாரின் முனகல்.
முட்டை மெல்லத் திரும்பி
நான் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றது.
கொஞ்சம் தயங்கி,
"தீசோன், பயப்படாதே" என்றது.

நாய் குரைத்திருக்க வேண்டும்.
நாலு வருடமாகத் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறவன்,
என் தம்பி வந்தாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறவன்,
எழுந்தான்.
ஃப்ரிட்ஜின் முன்னால் போய் உட்கார்ந்தான்.
வாலை ஆட்டினான்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
அப்புறமும் கொஞ்ச நேரம்
அந்த வால் தரையைப் பெருக்குகிற சத்தம் கேட்டது.

"என்ன திருடுபோனது?" என்றார் காவலர் பர்ரியா.
ஒன்றுமில்லை.
"மிரட்டினானா?"
இல்லை.
"பின்னே என்னதான் செய்தான்?"
காப்பாற்றினான்.
பேனாவைப் படிவத்திலிருந்து எடுத்தார்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"பாஸ்வேர்டை மாற்றவில்லையா நீ?" என்றாள்
ஆலையில் பக்கத்து மேசை நெல்டா.
பெட்டியில் அச்சடித்திருந்ததுதான்.
கதவைச் சாத்தாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
நான் கதவைச் சாத்தினேன், நெல்டா.
இரண்டு தாழ்ப்பாள் போட்டேன்.
உள்ளே வைத்துச் சாத்தியிருக்கிறேன்.

துண்டைக் கட்டிக்கொண்டு முட்டை பொரித்தது,
வங்கிக் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு
அதன்மேலேயே உருளைக்கிழங்கு தோலுரித்தது,
போனவனின் பெயரைச் சொல்லிப் பார்த்த ஒரு ஞாயிறு,
அது நன்றாக வரும்வரை
திரும்பத் திரும்பச் சொன்னது.
எல்லாம் எந்த ஊரில் இருக்கின்றன இப்போது?
நான் ஒருநாளும் பார்த்திராத என் தூங்கும் முகம்
யாரோ ஒருவனுக்கு மனப்பாடம்.
அவனுக்கும் தூக்கமில்லையோ என்னவோ.
இரக்கப்பட்டுவிடுவேனோ என்று
அந்த நினைப்பை அங்கேயே நிறுத்துகிறேன்.

கேமரா இப்போது இழுப்பறையில்,
கம்பளிக் காலுறைக்குள், கழுத்து ஒருபக்கம் சாய்ந்து.
இரவில் வீடு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது.
தெரிய வேண்டாம் என்று பழகுகிறேன்.

காலையில் வந்து பூட்ஸைக் கழற்றி
வெறுங்காலோடு சமையலறைக்குள் போகும்போது மட்டும்
ஃப்ரிட்ஜின் முன்னால்
ஒரு நாயளவு தரை
சூடாக இருக்கிறது.